ஒரே ரூபாய், வெவ்வேறு கூடை: கண்டியிலிருந்து ஒரு விலை ஒப்பீடு

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டம் 1929 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தபோது, இலங்கைத் தோட்டங்களில் ஒரு நாள் சம்பளம் மூன்று விதமாக நிர்ணயிக்கப்பட்டது. ஆணுக்கு மேல்நாட்டில் 54 சதம், இடைநாட்டில் 52 சதம், கீழ்நாட்டில் 50 சதம். பெண்ணுக்கு 43, 41, 40. சிறுவருக்கு 32, 31, 30. வேலை ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான். இருந்தும் மலை ஏற ஏறச் சதம் கூடியது. கொழும்பில் இறங்கும் அரிசி ரயிலேறி மலைக்கு வந்து சேரச் செலவு கூடும். குளிருக்குக் கம்பளி வேண்டும். ஆகவே அதே வாழ்க்கைக்குக் கூடுதல் காசு வேண்டும் என்ற கணக்கு அதற்குள் இருந்தது.

பெண்ணின் சதம் குறைந்ததற்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் மேல்நாடு, இடைநாடு, கீழ்நாடு என்ற பிரிப்புக்குள் இருந்த எண்ணம் சரியானது. கையில் வரும் காசின் அளவை மட்டும் பார்த்து அதன் பெறுமதியைச் சொல்ல முடியாது. அது எங்கே, எந்த விலையில், என்ன பொருளாக மாறுகிறது என்று பார்க்க வேண்டும். இன்று உலக வங்கியும் ஐக்கிய நாடுகள் அமைப்பும் 176 நாடுகளுக்கும் ஆட்புலங்களுக்கும் சேர்த்துச் செய்யும் பெரிய விலை ஒப்பீடு இதே கேள்விக்கு விடை தேடுகிறது. அந்த ஒப்பீடு எப்படி வளர்ந்தது, எதைச் சரியாகச் சொல்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைக் கண்டிச் சீமை எனப்பட்ட மலையகத்தின் கணக்குகளோடு சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டச் சம்பளம் ஒருபோதும் வெறும் காசாக இருந்ததில்லை. தோட்ட நிர்வாகமே அரிசியைக் கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. 1929இன் ஏற்பாட்டில் ஒரு புசல் அரிசிக்கு 6 ரூபாய் 40 சதம் என்று விலை கட்டப்பட்டிருந்தது. 1930களின் பெருமந்தத்தில் தேயிலை விலை சரிந்தபோது சம்பளச் சதங்கள் வெட்டப்பட்டன. கூடவே அரிசியின் விலையும் 4 ரூபாய் 80 சதமாக இறக்கப்பட்டது. அந்த வெட்டு தொழிலாளியை எவ்வளவு பாதித்தது? சதத்தை மட்டும் பார்த்தால் ஒரு விடை. அரிசியால் அளந்தால் இன்னொரு விடை. துணி, உப்பு, புகையிலை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றையும் சேர்த்தால் மூன்றாவது விடை. பொருளியல் நூல்களில் பெயரளவுச் சம்பளம், மெய்ச் சம்பளம் என்று படிக்கும் வேறுபாட்டை அந்தத் தலைமுறை சம்பளத் துண்டுக் கணக்கிலேயே படித்தது.

நாடுகளுக்கிடையிலான ஒப்பீடும் அங்கேயே தொடங்கிவிட்டது. 1872 முதல் இந்திய ரூபாயே இலங்கையின் சட்டபூர்வ நாணயம். ஒரே வித்தியாசம், இங்கே அது அணாவாகப் பிரியாமல் நூறு சதமாகப் பிரிந்தது. எனவே புதுக்கோட்டையிலிருந்தோ சேலத்திலிருந்தோ திருச்சிராப்பள்ளியிலிருந்தோ ஆள்சேர்க்கும் கங்காணியோடு புறப்பட்டு வந்தவருக்கு நாணய மாற்று வீதம் என்ற குழப்பமே கிடையாது. அங்கே ஒரு ரூபாய் என்றால் இங்கேயும் ஒரு ரூபாய். ஆனால் அந்த ரூபாய் அங்கே வாங்கியதும் இங்கே வாங்கியதும் ஒன்றாக இருக்கவில்லை. ஊரில் கேழ்வரகும் கம்பும் சோளமும் உண்டவர், இங்கே கடல் கடந்து வந்த அரிசியை உண்டார். ஊர்க் கூலியையும் தோட்டக் கூலியையும் ரூபாயில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ‘இங்கே இத்தனை மடங்கு அதிகம்’ என்று சொல்வது ஆள்சேர்ப்பவருக்கு வசதியாக இருந்தது. 1922இன் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பின் இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் இருந்து பணியாற்றினார். தொழிலாளரின் சம்பளமும் வாழ்க்கைச் செலவும் அவருடைய அலுவலின் முக்கிய பகுதி. நாணய மாற்று வீதம் சரியாக ஒன்றுக்கு ஒன்றாக இருந்த இடத்திலும் வாங்கும் சக்தியைத் தனியே அளக்க வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னும் பின்னோக்கிப் போனால், 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றியே ஆய்வாளர்களிடையே இந்த விவாதம் நடந்திருக்கிறது. தென்னிந்திய நெசவாளரின் கூலியை வெள்ளியில் அளந்தால் இங்கிலாந்தைவிட மிகக் குறைவு. தானியத்தில் அளந்தால் இரண்டும் ஏறத்தாழ நிகராக வருகின்றன என்று பிரசன்னன் பார்த்தசாரதி 1998இல் எழுதினார். ஸ்டீபன் பிராட்பெரியும் பிஷ்ணுப்பிரியா குப்தாவும் 2006இல் அதை மறுத்து, தானியக் கூலியிலும் இந்தியா பின்தங்கத் தொடங்கியிருந்தது என்று வாதிட்டார்கள். இராபர்ட் ஆலன் இன்னொரு வழி எடுத்தார்: உயிர்வாழத் தேவையான கலோரி, கொஞ்சம் புரதம், விளக்கெரிக்க எண்ணெய், துணி, எரிபொருள் என்று மிக எளிய கூடை ஒன்றைக் கட்டி, ஒரு தொழிலாளியின் ஆண்டுக் கூலி ஒரு குடும்பத்துக்கு அப்படி எத்தனை கூடை வாங்கும் என்று ஊர் ஊராகக் கணக்கிட்டார். எனக்கு இந்த வழியே மிக நேர்மையானதாகப் படுகிறது. எதை அளக்கிறோம் என்பதை அது மறைக்காமல் மேசைமேல் வைக்கிறது.

இக்காலக் கோட்பாட்டுக்கு வருவோம். ஸ்வீடன் பொருளியலாளர் குஸ்டாவ் காசெல், முதல் உலகப் போர் நாணயங்களைக் குலைத்துப்போட்ட 1918இல், கொள்வனவுச் சக்திச் சமநிலை என்ற பெயரைக் கொடுத்தார். இரு நாட்டு நாணயங்களின் மாற்று வீதம், காலப்போக்கில் இரு நாட்டு விலைமட்டங்களின் விகிதத்தை நோக்கி நகரும் என்பது அவர் கருத்து. இதை இலங்கையில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். 2021இல் டாலர் ஏறத்தாழ 200 ரூபாய். 2021ஐ 100 ஆகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 2024 செப்டெம்பர் அளவில் ஏறத்தாழ 190. அமெரிக்காவில் அதே காலத்தில் விலைகள் ஏறத்தாழ 16 சதவீதம் ஏறின. காசெலின் கணக்குப்படி டாலர் 330 ரூபாயை ஒட்டி நிற்க வேண்டும்; நின்றது 300க்கு அருகில். நூறாண்டுப் பழைய விதிக்கு இது மோசமான பெறுபேறு அல்ல. ஆனால் நடுவழியில், 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டு மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டிய நாட்களில், இந்த விதியை நம்பி எந்தக் குடும்பமும் அடுப்பு மூட்டியிருக்க முடியாது.

விதி நீண்ட காலத்துக்குச் சரிவரலாம். விலைமட்டமோ நாட்டுக்கு நாடு என்றுமே சமமாகாது. 1964இல் பெலா பலாஸாவும் பால் சாமுவெல்சனும் தனித்தனியே அதன் காரணத்தைச் சொன்னார்கள். கப்பலேறும் பொருள்களின் விலை உலகெங்கும் ஒன்றையொன்று நெருங்கும். முடிவெட்டுதல், சட்டை தைத்தல், பிள்ளைக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்தல் போன்றவை கப்பலேறா. ஏழை நாட்டில் உழைப்பு மலிவு. எனவே அந்தச் சேவைகளும் மலிவு. கண்டியை அடுத்த அம்பிட்டிய சலூனில் முடி வெட்டுபவரின் கத்தரிக்கோல் இலண்டன்காரரின் கத்தரிக்கோலுக்கு வேகத்தில் குறைந்ததல்ல. ஆனால் அவர் வாங்கும் காசு இலண்டன் காசில் மிகச் சிறிய பங்கு. இதனால்தான் இலங்கையின் தலா வருமானம் சாதாரண டாலரில் 2022இல் மூவாயிரத்துச் சொச்சமாக இருக்கும்போது, விலை வேறுபாட்டைச் சரிக்கட்டிய வாங்கும் சக்தி டாலரில் அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்காக வருகிறது. இரண்டுமே சரியான எண்கள். வெளிநாட்டுக் கடனையோ மருந்து இறக்குமதியையோ பேசும்போது முதல் எண்ணை எடுக்க வேண்டும். மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பேசும்போது இரண்டாவதை எடுக்க வேண்டும். மேடையில் பேசுபவர்கள் தங்களுக்கு வசதியானதை எடுத்துக்கொள்கிறார்கள்.

உலக வங்கி நாடுகளை வகைப்படுத்துவதும் சாதாரண டாலரைச் சற்றுச் செம்மைப்படுத்திய கணக்கில்தான். அதனால் இலங்கை 2019 ஜூலையில் மேல் நடுத்தர வருமான நாடாக ஏறி, 2020 ஜூலையில் கீழ் நடுத்தர நாடாக இறங்கியது. தலா வருமானம் 4,060 டாலரிலிருந்து 4,020க்கு வந்ததும், வகைப்பாட்டின் எல்லை சற்று உயர்த்தப்பட்டதுமே அதற்குப் போதுமாக இருந்தன. அந்த 40 டாலரில் ஒரு வீட்டின் சாப்பாட்டுத் தட்டிலும் பெரிய மாற்றம் இல்லை.

வாங்கும் சக்தி டாலர் எங்கிருந்து வருகிறது? 1968இல் ஐக்கிய நாடுகள் புள்ளிவிபரப் பிரிவும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து சர்வதேச ஒப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கின. எர்விங் கிராவிஸ், அலன் ஹெஸ்டன், இராபர்ட் சம்மர்ஸ் ஆகிய மூவரின் உழைப்பு அது. முதற்கட்டமாக 1970ஆம் ஆண்டுக்குப் பத்து நாடுகள். 1975ஆம் ஆண்டுக்கான மூன்றாம் கட்டத்தில் 34 நாடுகள், அவற்றுள் இலங்கையும் ஒன்று. அண்மைய சுற்று 2021ஆம் ஆண்டுக்கானது; முடிவுகள் 2024 மே மாதத்தில் வெளிவந்தன. நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு இன்ன தரம், இன்ன அளவு, இன்ன பொதி என்று விவரம் எழுதி, அந்தந்த நாட்டுப் புள்ளிவிபரத் திணைக்களங்கள் விலை சேகரிக்கின்றன. ஆசியாவில் அதை ஒருங்கிணைப்பது ஆசிய அபிவிருத்தி வங்கி.

சிக்கல் அந்த விவரத்திலேயே தொடங்குகிறது. ‘வெள்ளை அரிசி, ஒரு கிலோ’ என்று எழுதினால் கண்டிக் கடைக்காரர் எதை எடுத்துக் காட்டுவார்? நாட்டரிசியா, சம்பாவா, கீரிச் சம்பாவா, பச்சரிசியா? ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. 2024 டிசம்பரில் அரசே நாட்டரிசிக்கு 230, சம்பாவுக்கு 240, கீரிச் சம்பாவுக்கு 260 ரூபாய் என்று தனித்தனி உச்ச விலை விதித்தது. தேங்காய் இங்கே எண்ணி விற்கப்படுகிறது. நிறைக்கு விற்கும் நாட்டோடு அதை எப்படி ஒப்பிடுவது? நாட்டுக்கே உரிய பொருளை எடுத்தால் மற்ற நாட்டில் கிடைக்காது. எங்கும் கிடைப்பதை எடுத்தால் அது நம் சமையலறையில் இருக்காது. 1986இல் இலண்டன் ‘எக்கொனமிஸ்ட்’ இதழ் தொடங்கிய பிக் மாக் சுட்டெண்ணின் பலவீனமும் இதுவே. இந்தியாவில் அந்த மாட்டிறைச்சி பர்கர் இல்லாததால் கோழி இறைச்சியில் செய்த மகாராஜா மாக்கை வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். மாற்று வீதத்தை ஒரு பார்வையில் விளக்க அது உதவும். வாழ்க்கைச் செலவை அளக்க உதவாது.

இரண்டாவது சிக்கல் கூடை. கண்டிக் குடும்பத்தின் கூடையை இலண்டனில் வாங்கினால் பலாக்காயும் வல்லாரையும் பொன்னாங்காணியும் கொள்ளை விலையாகும். இலண்டன் குடும்பத்தின் கூடையைக் கண்டியில் வாங்கினால் சீஸும் ஓட்ஸும் அப்பிளும் கையைச் சுடும். எந்த நாட்டின் கூடையை எடுத்தாலும் மற்ற நாடு விலை கூடியதாகத் தோன்றும். மக்கள் தத்தம் ஊரில் மலிவானதைத்தானே அதிகம் உண்கிறார்கள்! இதைச் சரிக்கட்ட எர்விங் ஃபிஷர் காட்டிய வழி, இரண்டு கூடைகளாலும் கணக்கிட்டுப் பெருக்குச் சராசரி எடுப்பது. பல நாடுகளை ஒருங்கே ஒப்பிடும்போது அதை ஜீனி, எல்டெட்டோ, கோவெஷ், ஷுல்ச் ஆகியோரின் முறை விரிவுபடுத்துகிறது. நல்ல கணிதம்தான். ஆனாலும் சராசரி எடுத்தபின் வரும் கூடை எந்த வீட்டுக் கூடையும் அல்ல.

விலை குறிக்காத பொருள்கள் மூன்றாவது சிக்கல். கண்டி தேசிய வைத்தியசாலையில் செய்யும் சத்திரசிகிச்சைக்கு நோயாளி காசு கொடுப்பதில்லை. எனவே அதன் ‘விலை’யை மருத்துவர், தாதியர் சம்பளத்தை வைத்து மதிப்பிடுகிறார்கள். தோட்டத்து லயன் அறைக்கு வாடகை இல்லை. அதைப் பூச்சியம் என்று எழுதுவதா, அதேபோன்ற வீடு வெளியே என்ன வாடகைக்குப் போகும் என்று ஊகிப்பதா? எப்படிச் செய்தாலும் பிழை வரும். 2005 சுற்றின் முடிவுகள் வந்தபோது சீனாவின் வாங்கும் சக்திப் பொருளாதாரமும் இந்தியாவின் பொருளாதாரமும் முன்பு எண்ணியதைவிட ஏறத்தாழ 40 சதவீதம் சுருங்கின. யாருடைய தட்டிலும் சோறு குறையவில்லை. அளவுகோல்தான் மாறியது. சர்வதேச வறுமைக் கோடும் இப்படியே ஆளுக்கு நாளொன்றுக்கு 1.25, 1.90, 2.15 என்று ஏறி 2025 ஜூனில் 3 டாலராகியது. இதை அன்றைய வங்கி வீதத்தால் பெருக்கி 900 ரூபாய் என்று எழுதுவது பெரிய தவறு. அது வாங்கும் சக்தி டாலர். ரூபாயில் அதன் பாதியும் வராது.

இத்தகைய கோடுகள் ஏழைகளின் தேவையை அளக்கவில்லை என்று சஞ்சய் ரெட்டியும் தோமஸ் போகேயும் நீண்ட காலமாக வாதிட்டு வருகிறார்கள். அங்கஸ் டீட்டனும் ஒலிவியே டுப்ரியேயும் 2011இல் ஏழைகளின் செலவுப் பங்கைக் கொண்டே கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவு வேறுபாடு வரவில்லை. இதை ரெட்டி தரப்புக்குத் தோல்வி என்று கொள்வோர் உண்டு. நான் அப்படிக் கொள்ளவில்லை. டீட்டனும் டுப்ரியேயும் மாற்றியது பொருள்களின் எடையை மட்டுமே; விலைகள் அதே பழைய சேகரிப்பில் வந்தவை. ஏழை எந்தக் கடையில், எந்த அளவில் வாங்குகிறார் என்பது அந்த விலைகளில் இல்லை.

அம்பிட்டியவிலிருந்து தலாத்துஓயாப் பக்கம் போகும் வீதியோரச் சில்லறைக் கடை எதிலும் இதைப் பார்க்கலாம். பருப்பு நூறு கிராம், சீனி கால் கிலோ, தேங்காயெண்ணெய் சின்னப் போத்தலில், ஷாம்பு ஒரு பைக்கற், பால்மா சிறு பொதியில். சம்பளம் வரும்வரை எல்லாம் கொப்பியில் ஏறுகிறது. கிலோக் கணக்கில் திருப்பிப் பார்த்தால் கண்டி நகரத்துச் சுப்பர் மார்க்கெட்டில் மாதச் சாமான் வாங்குபவரைவிட இவர் கூடக் கொடுக்கிறார். நகரத்துக்குப் போய் வாங்கலாம் என்றால் பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் போய்விடும். வாங்கும் சக்தி குறைந்தவருக்கே விலை கூடுகிறது. நாட்டுச் சராசரி எடுக்கும் எந்த முறையும் இதைப் பார்க்காது.

உள்நாட்டுச் சுட்டெண்களும் இதே குறையைச் சுமந்தவை. 1952ஐ அடியாண்டாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், 1949/50இல் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களில் நடத்திய ஆய்வில் பிறந்தது. அதில் உணவின் எடை 61.9 சதவீதம். அந்தக் கூடையை வைத்தே 2007 வரை நாட்டின் விலைவாசி அளக்கப்பட்டது. இடையில் எழுபதுகளின் தட்டுப்பாட்டுக் காலத்தில், கட்டுப்பாட்டு விலையில் பொருள் கிடைக்காதபோதும் சுட்டெண்ணில் அந்த விலையே இருந்தது. 2013ஐ அடியாண்டாகக் கொண்ட கொழும்புச் சுட்டெண்ணில் உணவின் எடை 28 சதவீதமாக இறங்கியது. அதே அடியாண்டில் நாடு முழுவதையும் சேர்த்த தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் அது 44 சதவீதம். கொழும்புக்கும் நாட்டுக்கும் இடையிலேயே இவ்வளவு தூரம். தோட்டக் குடும்பங்கள் உணவுக்குச் செலவிடும் பங்கோ பாதியை நெருங்குகிறது.

2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண் 69.8 சதவீதப் பணவீக்கத்தைக் காட்டியது. உணவுப் பணவீக்கம் மட்டும் 94.9 சதவீதம். அதற்கு முந்திய மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. காஸ் அடுப்பு வைத்திருக்கும் கொழும்பு வீட்டின் கூடையில் அது ஒரு சிறு வரி. மண்ணெண்ணெயை நம்பியிருந்த வீட்டில் அது பேரிடி. இந்த எடைகளோடு பார்த்தால், அந்த ஆண்டில் தோட்ட வீடுகள் அனுபவித்த விலையேற்றம் கொழும்பின் 69.8ஐ விடக் கூடுதலாக இருந்திருக்க வேண்டும் என்பதே என் முடிவு.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் அது 1,350 ஆனது. ரூபாயில் 35 சதவீத உயர்வு. டாலரில் பார்த்தால் 5 டாலரிலிருந்து ஏறத்தாழ நாலரை டாலருக்கு இறக்கம். கொழும்புச் சுட்டெண்ணால் கழித்தால் 2021 விலையில் அது ஏறத்தாழ 710 ரூபாய். மூன்றரை ஆண்டில் மெய்ச் சம்பளம் கால்பங்குக்கு மேல் போய்விட்டது. கம்பனிகள் முதல் எண்ணைச் சொல்கின்றன. தேயிலை டாலரில் ஏற்றுமதியாவதால் இரண்டாவது எண் அவர்களுக்கு இலாபம். அதை அவர்கள் சொல்வதில்லை. மூன்றாவது எண்தான் தொழிலாளியினுடையது. அதுவும் அவருடைய கூடையால் அளந்ததல்ல.

வளைகுடாவுக்குப் போனவர்களின் கணக்கும் இப்படித்தான். கட்டாரில் 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,000 றியால். ஒரு டாலருக்கு 3.64 றியால் என்பது மாறாத வீதம். அந்த ஆயிரம் றியாலை முழுதாகக் கண்டிக்கு அனுப்பினால் 2021இல் ஏறத்தாழ 55,000 ரூபாய். 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ ஒரு இலட்சம். அன்று ‘வெளிநாட்டுக் காசு வரும் வீடு தப்பித்துவிட்டது’ என்று எல்லோரும் பேசினார்கள். ஆனால் விலைகளும் 70 சதவீதம் ஏறியிருந்ததால் மெய்யான இலாபம் மிகச் சிறிது. 2024இல் ரூபாய் மீண்டு 300க்கு வந்தபோது அந்தக் காசு ஏறத்தாழ 82,000 ஆனது. ஏறிய விலை இறங்கவில்லை. 2021 விலையில் அது ஏறத்தாழ 43,000 ரூபாய்தான். அங்கே அதே வேலை, அதே சம்பளம். இங்கே வீட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு நட்டம். ரூபாய் பலமடைந்தது நல்ல செய்தி என்று தொலைக்காட்சி சொல்லும்போது இந்த வீடுகளையும் நினைக்க வேண்டும்.

நம்மிடம் தரவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வறுமைக் கோட்டை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. 2019இல் நாட்டுக்கான கோடு ஆளுக்கு மாதம் 6,966 ரூபாய். கொழும்புக்குக் கூடியது, மொனராகலைக்குக் குறைந்தது என்று மாவட்ட விலை வேறுபாடு அதில் சேர்க்கப்படுகிறது. வீட்டலகு வருமான செலவின ஆய்வு, நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்தே நடத்தப்படுகிறது. தோட்டக் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்ற விபரம் அதில் இருக்கிறது. தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளருக்கென 1939ஐ அடியாகக் கொண்ட தனி வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் ஒன்று இந்நாட்டில் இருந்தது. பிற்காலத்தில் அது கைவிடப்பட்டது. அன்று முடிந்தது இன்று முடியாமல் போக நியாயமில்லை.

ஆகவே திணைக்களத்திடம் கேட்க வேண்டியது ஒன்று: தோட்டத்துறைக்கெனத் தனி விலைச் சுட்டெண்ணை மாதந்தோறும், தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். விலையை நகரச் சந்தைகளில் மட்டும் சேகரிக்காமல் தோட்டத்தடிக் கடைகளிலும், நூறு கிராம் பொதியிலும் சேகரியுங்கள். சம்பளச் சபைக்குப் போகும் தொழிற்சங்கங்கள் அடுத்த முறை தொகையைக் கேட்பதற்கு முன் இந்தச் சுட்டெண்ணைக் கேட்கட்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் புள்ளிவிபரவியலும் படிக்கும் மலையக மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். திணைக்களம் தொடங்கும்வரை காத்திராமல், தங்கள் தோட்டத்துக் கடையின் விலைகளை ஒவ்வொரு மாதமும் எழுதிவைக்கும் வேலையை அவர்கள் இந்த மாதமே தொடங்கலாம்.